தோள் காயும் நேரம்

தாழ்ப்பாள் போட்டாயிற்று. ஃபேனைக் கடைசி நம்பரில் வைத்தாயிற்று. லுங்கியோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன், மேலுக்கு ஒன்றுமில்லை, இரண்டு கையையும் எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி. யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் இந்தப் பொன்ராஜ் காலங்காத்தாலே போலீஸில் சரணடைகிறான் என்றுதான் நினைப்பார்கள். தோளில் தடவிய ஜெல் காய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சின்ன பாக்கெட், கிழித்துப் பிதுக்கினால் கஞ்சித்தெளிவு மாதிரி ஒரு பசை, அதற்குள் டெஸ்டோஸ்டிரோன். என் உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்த சரக்கு, இப்போது எங்கேயோ ஒரு ஃபேக்டரியில் செய்து, அட்டைப்பெட்டியில் போட்டு, கோவில்பட்டிக்குப் பார்சலில் வருகிறது. தடவினதும் ஜில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் ஸ்பிரிட் வாடை அடிக்கும், அப்புறம் அந்த வாடையும் போய்விடும். போய்விடும் என்றால் எங்கே போகிறது? தோலுக்குள் எப்படி இறங்குகிறது, எந்தச் சந்து வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது, அங்கே போய் யாரிடம் என்ன சொல்கிறது, இதெல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். திருநெல்வேலி டாக்டரம்மாவிடம் கேட்டால், "அதெல்லாம் அது பாத்துக்கும், நீங்க ஒழுங்கா தடவுங்க போதும்" என்கிறார். ஒழுங்காகத் தடவுவதுதான் எங்கள் வீட்டில் பெரிய கதையாகிப் போனது.

"அப்பா, காஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல பாப்பா."

கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் ரித்திகா. இந்த வருஷம்தான் எல்கேஜி போகிறாள். போன வருஷம் வரைக்கும் காலையில் கண் விழித்ததும் அவளுக்கு அப்பா தோள் வேண்டும். ஏறி உட்கார்ந்து, என் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நிலைவாசலில் இடிக்காமல் தலையைக் குனிந்து, தெருமுனைக்குப் போய், தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த ஊர் வெயிலுக்கு வீட்டில் எவன் சட்டை போடுகிறான்? வெற்று உடம்போடு நான், என் தோளில் பிள்ளை, இறங்கும்போது அவள் கன்னம் என் கழுத்தில். அது நின்றுபோய்ச் சில மாசம் ஆகிறது. இப்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு தடவி, காய வைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் அவள் என் பக்கம் வரக் கூடாது. அடுப்படியில் இட்லிக் கொப்பரையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்கிறது, அது என் மனைவி ஜெயசெல்வி. காலையில் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "சாயந்தரம் டாக்டரம்மா கேப்பாங்க, ஜெல்லா ஊசியான்னு. என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். நான் "பாப்போம்" என்பதற்குள் உள்ளே போய்விட்டாள். எதைப் பார்ப்போம் என்று எனக்கே தெரியாது. ஊசி என்றால் எனக்குக் கோபம் வரும், இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஜெல் என்றால் என் தோலைப் பார்த்துப் பயப்பட வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டால் எலும்பு உளுத்துப் போகும் என்கிறார் டாக்டரம்மா. சாயந்தரத்துக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நான் இங்கே தோளைக் காயப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டும் இல்லாமல் நான் இருந்த மாசங்களை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மூளைக்கு அடியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் ஒரு கட்டி. மூக்கு வழியாக எடுத்தார்கள். மூக்கு வழியாக என்று கேட்ட அன்றைக்கு நாள் முழுக்க மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது மூளை என்று. கட்டி போனது, கூடவே சுரப்பியும் பாதி செத்துப்போனது, மேலேயிருந்து அது உத்தரவு போடாவிட்டால் கீழே ஒரு வேலையும் நடக்காதாம், சரியான அரசாங்க ஆபீஸ். தாடி வளர்வது நின்றது. சவரம் செய்யாமலே கடைக்குப் போனேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, ராத்திரி ஆசை என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது. சரி, உடம்பு அப்படி. மனசு? அதுதான் வேடிக்கை. வருத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. பஸ்ஸில் ஒருவன் காலை மிதித்தால் காலை இழுத்துக்கொள்வேன், அத்தோடு சரி. நான் பார்க்கிறது பெயிண்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுக்கிற வேலை. யாராவது சேலைத் துண்டைக் கொண்டுவந்து இதே கலர் சுவருக்கு வேண்டும் என்றால், அந்தக் கலரைப் பிடிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அந்த மாசங்களில் இறங்கியது. கிட்டத்தட்ட வந்தால் போதும் என்று மூடியை அடித்துக் கொடுத்து அனுப்பினேன். கலர் கண்ணுக்குத் தெரிந்தது, அதன்மேல் ஆசை இல்லை. ரித்திக்கு என்மேல் ரொம்ப ஒட்டுதல் வந்ததும் அப்போதுதான். தரையில் மல்லாந்து கிடப்பேன், என் வயிற்றின்மேல் செப்புச் சாமான் பரப்பிச் சமைப்பாள், என் மூக்கில் பூ வைப்பாள், நான் அசைய மாட்டேன். ஜெயசெல்வி ஒருநாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்பல்லாம் நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க, எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள். நல்லவனாக இருந்தேனா, ஆளே இல்லாமல் இருந்தேனா? அவனும் பொன்ராஜ்தானே, அதே மச்சம், அதே கையெழுத்து. வெள்ளை பேஸில் ரெண்டு சொட்டுக் கறுப்பு விட்டால் முழு வாளியும் சாம்பலாகிவிடும், அப்புறம் எது வெள்ளை எது கறுப்பு என்று பிரித்து எடுக்க எந்த மெஷினும் கிடையாது. என்னில் எது நான், எது அந்தச் சொட்டு என்று யாராவது பிரித்துக் காட்டினால் அவருக்கு ஒரு லிட்டர் எனாமல் சும்மாவே கொடுப்பேன்.

"அப்பா, உள்ள என்ன பண்ற?"

"காஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"வடகம் மாதிரியா?"

"ஆமா, வடகம் மாதிரி."

"அப்ப காக்கா வந்துராதா?"

"ஃபேன் சுத்துதுல்ல, வராது."

யோசிக்கிறாள். அவள் யோசிக்கும்போது மூச்சு மாறும், கதவு வழியாகவே கேட்கும். எனக்கு முதல் ஊசி போட்ட மறுநாளும் இப்படித்தான் எல்லாம் கேட்டது, எல்லாம் மணத்தது. அடுப்படியில் பூண்டு வதங்குகிற வாடைக்கு வாயில் நீர் ஊறியது, கடையில் ஒரு கனகாம்பரக் கலரைப் பிடிக்க மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினேன், பிடித்ததும் விசில் அடித்தேன். ராத்திரி ஜெயசெல்வி, "ஆளு வந்துட்டாருப்பா" என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு கொஞ்சம் விலகியும் படுத்தாள், ரெண்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வந்தவன் சும்மா வரவில்லை. ஊசி போட்ட வாரம் ஊரையே தூக்கிவிடலாம் போல இருக்கும், அடுத்த ஊசி வருகிற வாரம் டம்ளரைத் தூக்கவே யோசனையாக இருக்கும். ஏறுவதும் இறங்குவதுமாக, ராட்டினத்தில் உட்கார்த்தி வைத்த மாதிரி. முதுகு முழுக்கப் பரு, மீசை முளைக்கிற வயசுப் பையனைப் போல. அப்புறம் தலை கனத்தது, முகம் சிவந்தது, சோதித்துப் பார்த்தால் ரத்தம் கெட்டியாகிவிட்டதாம், ஊசியின் பக்கவிளைவாம். குத்தி ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், நம்ம கலர்தானே என்று. நல்ல அடர்த்தி. யாருக்காவது கொடுங்களேன் என்றேன். நர்ஸ், "இத கீழ கொட்டத்தான்ணே வேணும்" என்றது. அவ்வளவு பாடுபட்டு உடம்பு செய்தது, கீழே கொட்டுகிறார்கள்.

ரத்தம்கூடப் பரவாயில்லை. எதிரே பீரோ நிற்கிறது, அதன் கதவில் என் முஷ்டி அளவுக்கு ஒரு நெளிசல். வண்டிச் சாவி ஆணியில் இல்லை, அதற்குத்தான். சாவிக்கா இவ்வளவு என்று இன்றைக்கும் கேட்டுப் பார்க்கிறேன். நான் கவனித்த ஒரு விஷயத்தை டாக்டரம்மாவிடம்கூடச் சொன்னதில்லை: கோபம் முதலில் வந்தது, காரணத்தை அப்புறம்தான் தேடினேன். குளித்துவிட்டு வரும்போதே உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, எதன்மேல் கொட்டலாம் என்று வீடு முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஆணி காலியாக இருந்தது. கை அதுபாட்டுக்குப் போய்ப் பீரோவில் இறங்கியது. ரித்தி இந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தொங்கப் போட்டிருந்த காலை மட்டும் மெதுவாக மேலே இழுத்துக்கொண்டாள். மறுநாள் அவளே வந்து, "இது யாரு பண்ணா?" என்று அம்மாவிடம் கேட்கிறாள், கண்ணால் பார்த்தவள். ஜெயசெல்வி, "கடையில வாங்குறப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டது. மருந்து அடித்ததா, நான் அடித்தேனா? கை என்னுடையது, வீங்கியதும் என் கைதான். மருந்து என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், என் அப்பா வட்டிலைத் தூக்கி வீசுவாரே, அவருக்கு யார் ஊசி போட்டார்கள்? ஒருவேளை கோபம் எப்போதும் உள்ளேயே இருக்கிறது, ஊசி கதவை மட்டும் திறந்துவிடுகிறது. அப்படியென்றால் அந்த மல்லாந்து கிடந்த ஆளுக்குள்ளும் அது இருந்ததா, வயிற்றின்மேல் செப்புச் சாமான் இருக்கும்போதும்? இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ளவும் ஆசையாக இருக்கிறது, அது என்ன புத்தியோ.

அதனால்தான் ஜெல்லுக்கு மாற்றினார்கள். தினமும் கொஞ்சம், ஏற்றம் இறக்கம் இல்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ரத்தம் இளகியது, கோபம் அடங்கியது, கலர் மேல் ஆசை மட்டும் நின்றது. பெரிய ஆள் மாதிரியும் இல்லாமல், சின்ன ஆள் மாதிரியும் இல்லாமல், என் அளவுக்கு இருந்தேன். டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார், காய்ந்ததும் சட்டை போட்டு மூடிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் தோல் அதில் படக் கூடாது என்று. காய்ந்ததும் என்றாரா, அங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. கடைக்கு வருவதற்கு முன்னால் சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்தவன் நான். காய்ந்ததா என்று பார்க்க பெயிண்ட்காரன் எவனும் விரல் நுனியால் தொட மாட்டான், ரேகை விழுந்துவிடும். விரலின் முதுகால் லேசாகத் தொடுவான். ஒட்டவில்லை என்றால் காய்ந்தது, காய்ந்தால் வேலை முடிந்தது, சாய்ந்துகொள்ளலாம், சேலை படலாம், பிள்ளைகள் விளையாடலாம். தோளில் ஜெல்லைத் தடவி, கொஞ்சம் பொறுத்து, கையைக் கழுவிவிட்டு வந்து விரல் முதுகால் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டாது. எங்கள் தொழிலில் இதற்குமேல் அத்தாட்சி கிடையாது. சட்டை போடச் சொன்னது ஒரு பத்திரத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், வெளியே வெயில் அப்படி. வா பாப்பா என்பேன், ஏறிக்கொள்வாள்.

முதலில் வாடை. ஜெயசெல்வி துவைக்கப் போட்ட கவுனை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, பாப்பா வேர்வைல பெரிய ஆள் வாடை அடிக்குது" என்றாள். என் பிள்ளை என் வாடை என்று சிரித்தேன். பிறகு கன்னத்தில் பரு. கெண்டைக்காலில் பூனைமுடி கறுத்தது. மடமடவென்று உயரம் ஏறினாள், வருகிறவர்கள் எல்லாம் பிள்ளை நல்லா வளருதே, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாங்களும் கேழ்வரகு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிரீகேஜியில் ஒரு பையன் காதைக் கடித்துவிட்டாள் என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்கள், கடித்தவள் விடவே இல்லையாம், இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்களாம். நான் வெளிக்குச் சாரி சொல்லிவிட்டு வரும் வழியில் பெருமைப்பட்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. பீரோவில் இறங்கியது போக மிச்சம் அந்தப் பையன் காதில் இறங்கியதோ? என் கோபம் என் தோளிலிருந்து வழிந்து, அவள் உள்ளங்கை வழியாக ஏறி, கன்னம் வழியாக ஏறி, அந்தச் சின்ன உடம்புக்குள் போய் எப்படி உட்கார்ந்திருக்கும்? அவளுக்கும் கோபம் முதலில் வந்து, காரணம் தேடி, அந்தக் காது கண்ணில் பட்டதா? கேட்கலாம் என்றால் கேட்கிற வயசா அது. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு எங்களை டாக்டரம்மாவிடமே அனுப்பினார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பிள்ளையத் தூக்குறப்ப சட்டை போட்டுருப்பீங்கதானே?" ஜெயசெல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அங்கேயும் விடாமல், விரலை மடக்கி, முதுகால் தொட்டுப் பார்க்கிற முறையை மேஜைமேல் செய்து காட்டினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பொன்ராஜ், இது சுவர் இல்ல. ஈரம் போகும், மருந்து சாயந்தரம் வரைக்கும் தோல் மேலயே இருக்கும்." அவ்வளவு நாளும் பிள்ளை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அவள் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அவ்வளவு அழகாக இருந்தது, கறுப்பில் வெள்ளையாகக் குட்டிக் குட்டி எலும்பு, மணிக்கட்டில் மட்டும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக மிதக்கிறது. எலும்புக்குத் தனி வயசு இருக்கிறதாம். பிள்ளைக்கு ஒரு வயசு, அவள் எலும்புக்கு வேறு வயசு. "வயசுக்குக் கொஞ்சம் முந்திப் போகுது" என்றார். முந்திப் போனால் நல்லதுதானே என்று வாய்வரை வந்தது, நல்லவேளை கேட்கவில்லை. முந்திப் போகிற எலும்பு முந்தியே நின்றும் விடுமாம், பிறகு வளராது. இப்போதே கண்டுபிடித்துவிட்டோம், மருந்து படுவது நின்றால் சரியாகிவிடும், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். வாடை போய்விட்டது. பரு போய்விட்டது. காலில் முடி வெளுத்துக்கொண்டிருக்கிறது, யார் காதையும் கடிக்கவில்லை. எலும்பு என்ன செய்கிறது என்று மட்டும் வெளியே தெரியாது, அடுத்த எக்ஸ்ரேதான் சொல்லும். அவள் ஓடும்போதெல்லாம் அந்த மிதக்கிற எலும்புகள்தான் எனக்குத் தெரிகின்றன, சேராதே, இப்போதைக்குச் சேராதே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒழுங்காக மூடிக்கொண்டால் ஜெல்லும் பத்திரம்தான் என்கிறார் டாக்டரம்மா. ஊசி என்றால் அளவைக் குறைத்து அடிக்கடி போடலாம், ஏற்ற இறக்கம் குறையும், ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம், கோபத்துக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது என்கிறார். "ரெண்டும் சரிதான், வீட்ல பேசிட்டு வாங்க." வீட்டில் யார் பேசுகிறார்கள்? ஜெயசெல்வி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும், நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் செய்தது ஒன்றே ஒன்று. எங்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டிருந்த பிள்ளையைச் சுவர் ஓரமாக மாற்றி, நடுவில் அவள் படுத்துக்கொண்டாள். நான் இத்தனைக்கும் சட்டை போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். அவள் செய்தது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு அது வலிக்கிறது. ஜெல் வேண்டாம் ஊசி போடுங்கள் என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள், பீரோ அவள் கண் முன்னால் நிற்கிறது. ஊசி வேண்டாம் ஜெல்லே இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டாள். எதைச் சொன்னாலும் நாளைக்கு அது அவள் சொன்னதாகிவிடும். அதனால்தான் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். ஜெல் என்றால் யாருக்கும் சத்தம் கிடையாது, நான் நிதானமாக இருப்பேன், கடைக்குப் போவேன், கலர் பிடிப்பேன், பிள்ளை தள்ளி நின்று வளரும். ஊசி என்றால் பிள்ளை என்மேல் ஏறலாம், ஏறின தோளின்மேல் இருக்கிற தலைக்குள் என்ன கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எது மோசம்? எனக்குச் சாதகமானது ஜெல்தான், அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம். சத்தமில்லாமல் இருப்பது நல்லது என்று அந்த மல்லாந்து கிடந்த ஆள்தான் சொல்லுவான். இல்லை, இப்படிப் பயந்து பேசுகிறதும் மருந்தா, நானா? மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

"அப்பா, இங்க பாரு. கீழ பாரு."

கதவுக்கும் தரைக்கும் இடையில் உள்ள சந்தில் நாலு விரல். போன வாரம் வைத்த மருதாணி நுனியில் மட்டும் மிச்சம் இருக்கிறது. விரல்கள் நண்டு மாதிரி நடந்து உள்ளே வருகின்றன, முட்டி இடித்ததும் நின்றுவிடுகின்றன. நான் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். எக்ஸ்ரேயில் பார்த்த அதே கை, இப்போது சதையோடு, நகத்தில் சாக்பீஸ் தூளோடு. "தொடு" என்றாள். தொட வேண்டும் போல இருக்கிறது. அப்படிச் சொன்னால் போதாது, என் உடம்பு முழுக்க அந்த நாலு விரலுக்குப் போய்விட்டது. ஆனால் என் கை இன்னும் கழுவாத கை, உள்ளங்கை முழுக்க அதுதான் இருக்கும், காய்ந்திருக்கும், ஒட்டாது, இருந்தாலும் இருக்கும். கையைப் பின்னால் கொண்டுபோனேன். "தொடுப்பா" என்றாள் மறுபடியும். என் உடம்பில் மருந்து படாத இடம் எது என்று தேடினேன், தோள் இல்லை, கை இல்லை, தோளுக்குக் கிட்டே இருக்கிற எதுவும் வேண்டாம், அப்படியே கீழே இறங்கி இறங்கிப் போனால் கடைசியில் கால் இருக்கிறது. காலுக்கு எந்த ஜெல்லும் தெரியாது. பின்னால் சாய்ந்து, காலை நீட்டி, கட்டைவிரலை அந்த விரல்களின்மேல் வைத்தேன்.

"அய்ய, இது காலு."

"காலும் அப்பாதான்."

கிளுகிளுவென்று சிரிக்கிறாள். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள், நாலு விரலும் சுற்றிக்கொண்டன, இறுக்கிப் பிடிக்கிறாள், "உன் நகம் ஓடு மாதிரி இருக்கு" என்கிறாள், "ஆமா, வெட்டணும்" என்கிறேன். எவ்வளவு நாள் ஆயிற்று ஒரு காலை வேளையில் இவள் கையைத் தொட்டு. சூடாக இருக்கிறது. மல்லாந்து கிடந்த ஆளும் இல்லை, பீரோவைக் குத்தினவனும் இல்லை, யாரும் இல்லை, ஒரு கட்டைவிரல் மட்டும் இருக்கிறது, அதை ஒரு பிள்ளை பிடித்திருக்கிறது. நான் சந்தோஷமாக இருந்தேன். கொஞ்ச நேரம் இது மருந்தா நானா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

பிறகு விரல்கள் விட்டுவிட்டன, சந்திலிருந்து வெளியே போய்விட்டன. திடுதிடுவென்று ஓடுகிற சத்தம். கொல்லையில் குழாய் திறக்கிற சத்தம்.

"என்னடி, இப்பதான கழுவுன?" இது ஜெயசெல்வி.

"அப்பாவத் தொட்டேன்ல. சோப்பு எட்டல, எடுத்துக் குடும்மா."

சோப்பு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிறது. ரித்தி, தனக்கு அம்மா சொல்லிக் கொடுத்திருந்ததைத் தானாகவே பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு தேய்க்கிறாள், "உள்ளங்கை, புறங்கை, விரலு இடுக்கு, நகத்துக்குள்ள, நகத்துக்குள்ள." அவசரமே இல்லை. பல் தேய்க்கிற மாதிரி, செருப்பு மாட்டுகிற மாதிரி, தினமும் செய்கிற வேலை. ஃபேன் சத்தத்துக்குமேல் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. குழாய் நின்றது. ஜெயசெல்வி கேட்கிறாள்.

"போயிருச்சா பாப்பா?"

"ம். அப்பா எல்லாம் போயிருச்சு, பாரு."

நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன், நீட்டின காலோடு. தோள் எப்போதோ காய்ந்துவிட்டது. சட்டை ஆணியில் தொங்குகிறது, எழுந்து எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. அழுகை வந்தது. அந்த மாசங்களில் இது வராமல்தானே இருந்தது, வரட்டும் என்று விட்டேன். கண்ணைத் துடைக்கவும் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

"செல்வி."

அவள் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வளையல் கதவில் பட்டது.

"சாயந்தரம் ஊசின்னே சொல்லிடலாம்."

இத்தனை மாசத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"கோபம் வந்தா?"

"வரும். வர்றது எனக்குத் தெரியாது செல்வி, வந்தப்புறம்தான் தெரியும். உனக்கு முன்னாடியே தெரியுது, நான் பாத்துருக்கேன். நீ பாப்பாவத் தூக்கிக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிருவ. இனிமே போகாத. என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லு, இது ஊசி, நீங்க வெளிய போயிட்டு வாங்கன்னு."

"சொன்னா கேப்பீங்களா?"

கேட்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிடலாம், சொல்வது சுலபம்.

"தெரியல" என்றேன். "கேக்கலன்னா அன்னைக்கே உங்க அம்மா வீட்டுக்குப் பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிரு. நான் வந்து கூப்பிட்டாலும் ஊசி இறங்குற வரைக்கும் வராத."

அவள் கதவை விட்டுப் போகவில்லை. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.